காக்ஃபைட்டர் (1974): வாய் திறக்காத சேவல்காரன், யாராவது பார்த்திருக்கிறீர்களா?

பனங்காட்டான்:

எழுபதுகளின் அமெரிக்க சினிமா என்று பேச்சு எடுத்தாலே அதே நாலைந்து பெயர்களைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறோம். ஒரு மாறுதலுக்கு, வந்த வேகத்தில் பெட்டிக்குள் போன படம் ஒன்றைப் பற்றி இந்த இழை. மாண்டி ஹெல்மன் 1974-இல் எடுத்த 'காக்ஃபைட்டர்'. தயாரித்தவர் ராஜர் கோர்மன். சார்லஸ் வில்லெஃபோர்ட் 1962-இல் எழுதிய நாவல்தான் மூலம். திரைக்கதையும் அவரே, அதுபோக எட் மிடில்டன் என்ற பழுத்த சேவல்காரராக நடித்தும் இருக்கிறார்.

கதை இவ்வளவுதான். ஃபிராங்க் மேன்ஸ்ஃபீல்ட் அமெரிக்கத் தெற்கில் சேவல் கூண்டுகளோடு ஊர் ஊராக அலைகிறவன். ஒரு காலத்தில் வாய் ஓயாத ஆள். பெரிய போட்டிக்கு முந்தின இரவு குடித்துவிட்டு வாய்ச்சவடால் விட்டு, ஹோட்டல் அறையிலேயே பந்தயம் கட்டி, பதக்கம் வாங்கித் தந்திருக்க வேண்டிய சேவலைச் சாகக் கொடுத்துவிடுகிறான். அதிலிருந்து மௌன விரதம். ஆண்டின் சிறந்த சேவல்காரருக்கான பதக்கம் கைக்கு வரும்வரை ஒரு வார்த்தை கிடையாது.

படம் தொடங்கும்போதே இன்னொரு தோல்வி. பந்தய விகிதத்தை ஏற்றுவதற்காகத் தன் சேவலின் அலகில் தானே ஒரு கீறல் போடுகிறான். அடிபட்ட சேவல் என்று எதிராளி நம்ப வேண்டும், அதுதான் கணக்கு. களத்தில் அந்த அலகே உடைந்துவிடுகிறது. குடியிருந்த இழுவை வீடு போகிறது, கூட இருந்த பெண்ணும் ஜெயித்தவனோடு கிளம்பிப் போகிறாள். அவன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. வாரன் ஓட்ஸ் என்ற நடிகர் எப்பேர்ப்பட்டவர் என்று எனக்குப் பிடிபட்டது அந்த இடத்தில்தான். ஆரம்பத்திலும் நடுவிலும் அவன் மனக்குரல் வருகிறது, பழைய நினைவாக வரும் காட்சியில் பேசுகிறான். மற்றபடி படம் முழுக்கக் கண்ணும் விரலும் தோளும்தான்.

ஒளிப்பதிவு நெஸ்டோர் அல்மென்ட்ரோஸ். பார்சிலோனாவில் பிறந்து, கியூபா போய், பிரான்சில் இயக்குநர்கள் த்ரூஃபோவுக்கும் ரோமருக்கும் படம்பிடித்தவர். அவருக்கு அமெரிக்காவில் முதல் படம் இது. ஜார்ஜியாவின் செம்மண், வியர்வை, தகரக் கொட்டகைக்குள் விழும் வெயில், இதையெல்லாம் அழகுபடுத்தாமல் எடுத்திருக்கிறார். பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ரீல்பெட்டி:

பார்த்திருக்கிறேன், நல்ல இழை. நடிகர் பட்டியலே ஒரு விருந்து. எதிராளி ஜாக் பர்க்காக ஹாரி டீன் ஸ்டான்டன், பங்காளி ஓமராக ரிச்சர்ட் ஷல், குடிகாரத் தம்பியாக அறுபதுகளின் ஆணழகன் ட்ராய் டொனாஹ்யூ. 1974-இல்தான் இயக்குநர் சாம் பெக்கின்பாவின் 'பிரிங் மீ தி ஹெட் ஆஃப் ஆல்ஃபிரெடோ கார்சியா' படத்திலும் ஓட்ஸ் கதாநாயகன். ஒரே ஆண்டில் இப்படி இரண்டு செய்தவர் 1982-இல் 53 வயதில் போய்விட்டார்.

வியாபாரக் கதையையும் சொல்லிவிடுகிறேன். மலிவாக எடுத்து லாபம் பார்ப்பதில் கோர்மனை அடித்துக்கொள்ள ஆளில்லை. தெற்கில் சேவல் சண்டைக்கு இவ்வளவு கூட்டம் கூடுகிறதே, படத்துக்கும் வரும் என்று கணக்குப் போட்டார். ஜார்ஜியாவில் ராஸ்வெல் என்ற ஊரில் முதல் திரையிடல். கூட்டம் வரவில்லை. சண்டை பார்க்கிறவனுக்குச் சண்டை நேரிலேயே கிடைக்கிறது, மற்றவனுக்கு அந்தப் பக்கம் தலைவைக்கவே பிடிக்காது, பிறகு யார்தான் வருவார்கள்? அப்புறம் 'பார்ன் டு கில்' என்று பெயரை மாற்றினார்கள், தன் கம்பெனியின் வேறு படங்களிலிருந்து காட்சிகளை வெட்டி ஒட்டிப் பரபரப்பான படம்போல விற்றுப் பார்த்தார்கள். அதுவும் போணியாகவில்லை. வேறு பெயர்களும் வைத்துப் பார்த்தார்கள். இத்தனை பெயர் வைத்தும் ஓடாத குதிரை.

செல்வி_பரங்குன்றம்:

நான் முக்கால் மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன். காரணம் ஒன்றுதான், சேவல்கள் நிஜமாகவே சாகின்றன. வரைகலை இல்லை, பொம்மை இல்லை. ஸ்லோமோஷனில் இறகு பறப்பதை 'கவிதை' என்று நாலு விமர்சகர்கள் எழுதுவார்கள், ஆனால் அந்தப் பறவைக்கு நடிக்கச் சம்மதமா என்று கேட்டவர் யார்? நம்ம ஊர் ஆடுகளத்தில் மதுரைச் சேவல்காரர்களின் ரோஷம் முழுக்க வந்தது, ஆறு தேசிய விருதும் வந்தது, சண்டையைக் கணினியில்தானே செய்தார்கள்? அப்போது அது இவர்களுக்கும் முடியும் என்றுதானே அர்த்தம்?

பனங்காட்டான்:

செல்வி அக்கா, 1974-இல் கணினி எங்கே இருந்தது. ஆனால் உங்கள் கேள்வியின் முக்கியப் பகுதி அது இல்லை என்று தெரிகிறது. ஆம், நிஜமாகத்தான் சாகின்றன. அதை மழுப்புவதற்கு ஒன்றும் இல்லை. இங்கிலாந்தில் 1937-லிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது, படத்துக்காக விலங்கைக் கொடுமைப்படுத்தி எடுத்த காட்சியைப் பொதுவில் திரையிடக் கூடாது. அந்தச் சட்டத்தால்தான் அங்கே இந்தப் படத்துக்கு வழி அடைபட்டுக் கிடக்கிறது.

ரீல்பெட்டி:

அமெரிக்காவில் இது எப்படி நடந்தது என்று கேட்கிறவர்களுக்கு: 1939-இல் வந்த ஒரு கௌபாய் படத்துக்காகக் குதிரையைப் பாறை உச்சியிலிருந்து தண்ணீரில் தள்ளிக் கொன்றார்கள். அதில் எழுந்த கூச்சலில் அமெரிக்கன் ஹியூமேன் என்ற விலங்கு நல அமைப்பு படப்பிடிப்புகளைக் கண்காணிக்க ஆரம்பித்தது. அந்த அதிகாரம் ஹாலிவுட்டின் பழைய தணிக்கை முறையோடு ஒட்டியிருந்தது. அறுபதுகளின் பாதியில் அந்தத் தணிக்கை அலுவலகம் கலைந்தபோது இதுவும் சேர்ந்தே போய்விட்டது. பிறகு 1980-இல் 'ஹெவன்ஸ் கேட்' படத்தில் குதிரைகள் செத்து, அதிலும் நிஜச் சேவல் சண்டை எடுத்து, பெரிய ரகளையான பிறகுதான் நடிகர் சங்க ஒப்பந்தம் வழியாகக் கண்காணிப்பு திரும்ப வந்தது. இந்தப் பதினைந்து ஆண்டு இடைவெளியில் கேட்க நாதியில்லை. காக்ஃபைட்டர் சரியாக அதன் நடுவில் விழுகிறது.

செல்வி_பரங்குன்றம்:

கேட்க நாதியில்லை என்பது காரணம், நியாயம் இல்லை. வரலாறு சொன்னதற்கு நன்றி, என் கருத்து அப்படியேதான் இருக்கிறது.

அரவக்குறிச்சியான்:

சினிமா பற்றி எனக்கு அவ்வளவு தெரியாது, சேவல் பற்றித் தெரியும். எங்கள் தாத்தா கட்டுச்சேவல் வளர்த்தவர், எங்கள் பக்கம் கத்திக்கட்டு. அதனால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்தப் படத்தில் காலில் கட்டுவது நம் கத்தி இல்லை. நம்முடையது சின்ன வெட்டுக்கத்தி, ஒரு வீச்சு சரியாக விழுந்தால் கதை முடிந்தது, தோற்ற சேவல் கோச்சையாகி ஜெயித்தவன் வீட்டுக் குழம்புக்குப் போய்விடும். அவர்கள் கட்டுவது வளைந்த எஃகு முள். உருண்டை, விளிம்பில் கூர் கிடையாது, நுனி மட்டும் தைக்கிற கோணி ஊசி மாதிரி. சேவலின் சொந்த முள்ளை அறுத்துக் குட்டையாக்கி, அந்தக் கட்டையின்மேல் தோல் பட்டையோடு மாட்டி நூலால் கட்டுகிறார்கள். இரண்டு காலிலும்.

இதனால் சண்டையின் போக்கே வேறாகிறது. வெட்டு இல்லை, துளை. வெளியே ரத்தம் பெரிதாகத் தெரியாது, உள்ளே நுரையீரலில் இறங்கி மூச்சு கரகரக்கும். முள் எதிரிச் சேவலின் உடம்பில் சிக்கிக்கொண்டால் நடுவர் நிறுத்தச் சொல்வார், ஆட்கள் வந்து பிரித்து எடுப்பார்கள், சில நொடி இடைவெளி, மறுபடியும் கோட்டில் நிறுத்தி விடுவார்கள். அந்த இடைவெளியில் ஆள் சேவலின் தலையைத் தன் வாய்க்குள் வைத்து தொண்டை ரத்தத்தை உறிஞ்சித் துப்புவதும், முதுகில் சூடாக ஊதுவதும் உண்டே, அதைப் பார்த்ததும் எங்கள் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. கடல் தாண்டிப் போனாலும் சேவல்காரன் சேவல்காரன்தான்.

இன்னொன்று, ஓட்ஸ் சேவலைப் பிடிக்கிற பிடி. நடிகர்கள் பொதுவாகக் கோழியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொள்வார்கள், நமக்குச் சிரிப்பு வரும். இவர் ஒரு கையை நெஞ்சுக்கு அடியில் கொடுத்து, விரல்களுக்கு நடுவே தொடையை வைத்து, கால் தொங்காமல் பிடிக்கிறார். முழுப் படமும் அப்படியே. யாரோ நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

வெண்மணி77:

அரவக்குறிச்சியாரே, அருமையான பதிவு, ஆனால் ஒரு நெருடல். 'சேவல் தானாகவே சண்டை போடும், நாம் களம் மட்டும் அமைக்கிறோம்' என்று சேவல்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. குப்பைமேட்டில் இரண்டு சேவல் மோதினால் பெரும்பாலும் ஒன்று வாலைத் தாழ்த்தி ஓடிவிடும், அதோடு சண்டை தீர்ந்தது. களத்தில் ஓட இடமில்லை, காலில் எஃகு வேறு. குறுந்தொகையில் குப்பைக்கோழியாருக்குப் பெயரே அப்படி ஒரு உவமையால் வந்தது, விலக்கிவிட ஆளில்லாத கோழிச்சண்டை. இங்கே சுற்றிலும் நூறு பேர் நிற்கிறார்கள், விலக்குவதற்குப் பதில் கோட்டில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்.

அரவக்குறிச்சியான்:

சரிதான் சார், நான் மறுக்கவில்லை. நான் இப்போது வளர்ப்பதும் இல்லை. பிடியைப் பற்றித்தான் சொன்னேன்.

கோடை_மழை:

எல்லோரும் சேவலையே பார்க்கிறீர்கள், அந்தப் பெண்ணை ஒருவரும் பேசவில்லையே. மேரி எலிசபெத் ஆண்டுக்கணக்கில் இவனுக்காகக் காத்திருக்கிறாள், நிச்சயம் செய்துகொண்டவள். இவன் ஒவ்வொரு பருவத்துக்கும் சேவலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறான், வாய் திறந்து ஒரு காரணமும் சொல்வதில்லை. இதை எதற்காக 'விரதம்' என்று கொண்டாட வேண்டும்? நம் வீடுகளிலும் இப்படி ஆண்கள் உண்டு, நான்கு நாள் பேசாமல் இருந்தே எல்லோரையும் ஆட்டிவைப்பார்கள். பேசாமல் இருப்பவனுக்கு வசதி, சுற்றியிருப்பவர்கள்தான் அவன் முகத்தைப் படித்துப் படித்துச் சாக வேண்டும்.

பனங்காட்டான்:

இதைத்தான் யாராவது கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். கோடை, நீங்கள் சொல்வதைப் படமே சொல்கிறது என்பது என் வாதம். முதலீட்டுக்குப் பணம் வேண்டும் என்று ஃபிராங்க் குடும்ப வீட்டை விற்கிறான் பாருங்கள். தம்பியும் தம்பி மனைவியும் அதில் குடியிருக்கிறார்கள். வாங்கியவர்கள் வீட்டையே அடியோடு பெயர்த்து வண்டியில் ஏற்றிச் சாலையில் இழுத்துக்கொண்டு போகிறார்கள். வேறு இயக்குநராக இருந்தால் அங்கே ஒரு பெரிய வசைக் காட்சி, கண்ணீர், பின்னணியில் வயலின். ஹெல்மன் ஒன்றும் செய்வதில்லை. காமிராவுக்கு முன்னால் ஒரு வீடு போகிறது, அவ்வளவுதான். அந்த மௌனம் எவ்வளவு கொடூரமானது என்று நமக்குத் தெரிகிறது, அவனுக்கு மட்டும் தெரிவதில்லை.

இந்தப் படத்தை நான் தூக்கிப் பிடிப்பதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. அவன் ஏன் இப்படி இருக்கிறான் என்று படம் எங்கேயும் காரணம் சொல்லவில்லை. சின்ன வயதில் அப்பா அடித்தார், போரில் காயம், வறுமை, ஒன்றும் கிடையாது. அவனுக்குச் சேவல் பிடிக்கும், அந்த வேலையை மற்றவர்களைவிட நன்றாகச் செய்வான், அதில் முதல் ஆளாக வேண்டும். அதற்காக எதையும் விடுவான். ஒரு வேலையில் வெறி கொண்ட மனிதனை இவ்வளவு அருகிலிருந்து, பரிந்து பேசாமலும் தீர்ப்பு சொல்லாமலும் காட்டிய படங்கள் ரொம்பக் குறைவு. அந்த வேலை சிற்பமாகவோ சங்கீதமாகவோ இருந்திருந்தால் நாம் எழுந்து நின்று கைதட்டியிருப்போம். சேவல் சண்டையாக இருப்பதால் கை பாதியில் நிற்கிறது. வில்லெஃபோர்ட் தேர்ந்தெடுத்த தொழில் சும்மா இல்லை.

கோடை_மழை:

வாதம் நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கடைசிக் காட்சி? பார்க்காதவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுங்கள்.

அவன் கடிதம் எழுதிக் கூப்பிட்டதால்தான் அவள் இறுதிப் போட்டிக்கு வருகிறாள். முதல் தடவையாக முழுச் சண்டையையும் பார்க்கிறாள். பார்த்துவிட்டு முகத்துக்கு நேராக நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறாள். இவன் செத்த சேவலின் தலையைத் திருகிப் பிய்த்து அவளிடம் நீட்டுகிறான். அவள் அதை வாங்கிக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போகிறாள். இவன் உடனே பங்காளியிடம் திரும்பி, அவள் தன்னைக் காதலிக்கிறாள் என்று சொல்கிறான், சிரித்துக்கொண்டே! இத்தனை நாள் விரதத்துக்குப் பிறகு வாயிலிருந்து வருகிற முதல் வாக்கியம் அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெண்மணி77:

பற்றிக்கொண்டு வரத்தானே வேண்டும். அவன் சொல்வது சரியா தப்பா என்று படம் சொல்லவில்லை. அவள் ஏன் அந்தத் தலையை வாங்கினாள்? அருவருப்பில் தூக்கி எறிந்திருக்கலாம். அவனை இனி நினைவில் வைக்க இதுவே போதும் என்று எடுத்துப் போனாளா, இல்லை அவன் நினைப்பதுபோலவா? மேரி எலிசபெத்தாக நடித்த பாட்ரிசியா பியர்சியின் முகத்தில் எனக்குத் தெரிந்தது வெறும் கோபம். என் வீட்டம்மா, 'அவள் அதை அவனிடமிருந்து பறித்துக்கொண்டு போகிறாள்' என்கிறார்.

ரீல்பெட்டி:

உங்கள் வீட்டம்மாவுக்கு ஒரு வணக்கம். இது எனக்குத் தோன்றவில்லை.

இடைச்செருகலாக ஒன்று: படப்பிடிப்பு நடந்த நாட்களில் வில்லெஃபோர்ட் நாட்குறிப்பு எழுதிவந்தார். அவர் 1988-இல் இறந்தபின், அடுத்த ஆண்டு புத்தகமாக வந்தது. ராணுவத்தில் பீரங்கி வண்டிக்குக் கமாண்டராக இருந்தவர், போகிற போக்கில் நக்கல் அடிப்பதில் கில்லாடி. நாவலுக்கு ஹோமரின் ஒடிசியை அடித்தளமாக வைத்துக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். அப்படிப் பார்த்தால் மேரி எலிசபெத்தான் காத்திருக்கும் பெனலோப்பி, ஆனால் இந்தப் பெனலோப்பி கடைசியில் வெளியேறிவிடுகிறாள்.

தாமிரபரணி_மைந்தன்:

நான் சட்டம் படித்தவன், தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன். சேவல் சண்டை அப்போது அங்கே குற்றமா இல்லையா? படத்தில் போலீஸ் பயம் அவ்வளவாகத் தெரியவில்லையே.

ரீல்பெட்டி:

மாநிலத்துக்கு மாநிலம் வேறு. சில மாநிலங்களில் சட்டப்படியே நடந்தது, பல இடங்களில் தடை இருந்தும் ஷெரீஃப் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். ஃபுளோரிடாவில் 1986 வரை ஓடியது. கடைசியாகத் தடை போட்ட மாநிலம் லூசியானா, அது நடைமுறைக்கு வந்தது 2008-இல், அதாவது நேற்று மாதிரி. மத்திய அளவில் 1976-இல்தான் சண்டைச் சேவல்களை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோவதில் கை வைத்தார்கள், அதிலும் சட்டப்படி நடக்கும் இடத்துக்கு என்றால் போகலாம் என்று ஓட்டை. 2007-இல் அது கடும் குற்றமானது. போர்ட்டோ ரிக்கோ, குவாம் போன்ற பகுதிகளுக்குத் தடை போய்ச் சேர 2019 ஆனது.

போலீஸ் பயம் படத்தில் வேறு விதமாக இருக்கிறது. ஹோட்டல் அறைக்குள் சண்டை நடக்கும்போது துப்பாக்கியோடு கும்பல் புகுந்து எல்லோர் பணத்தையும் பிடுங்குகிறதே, அதில் கவனித்தீர்களா, யாரும் புகார் என்று வாயெடுப்பதில்லை. எங்கே போய்ச் சொல்வது?

தாமிரபரணி_மைந்தன்:

நன்றி. நம் பக்கம் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமே சண்டைக்குத் தூண்டுவதைக் குற்றமாக்கிவிட்டது. ஆனாலும் பொங்கல் வந்தால் அனுமதி கேட்டு மதுரைக் கிளையில் மனு வரிசை கட்டும், கத்தி கூடாது, சூது கூடாது என்ற நிபந்தனைகளோடு சிலதுக்கு அனுமதியும் கிடைக்கும். படத்தில் விலங்கைப் பயன்படுத்தவும் விலங்கு நல வாரியத்திடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். இப்படி ஒரு படத்தை இன்று இங்கே எடுக்கவே முடியாது, எடுக்கவும் வேண்டாம்.

செல்வி_பரங்குன்றம்:

'எடுக்கவும் வேண்டாம்' என்று சொன்னதற்காகவே உங்களுக்கு ஒரு விருப்பம். ஆனால் இங்கே பாதிப் பேர் 'இன்று எடுக்கக் கூடாது, அன்று எடுத்ததை ரசிக்கலாம்' என்று சொல்வதுபோல் இருக்கிறது. செத்த சேவலுக்கு ஆண்டு தெரியாது.

பனங்காட்டான்:

அக்கா, நீங்கள் சொல்வதற்குப் பதில் சொல்லி ஜெயிக்க எனக்கு விருப்பமில்லை. நான் அந்தக் காட்சிகளைப் பார்க்கும்போது ரசிப்பதில்லை, ஆனால் கண்ணை எடுக்கவும் இல்லை, இரண்டும் உண்மை. கோர்மன் எதிர்பார்த்தது ரத்தத்துக்காக வரும் கூட்டத்தை. ஹெல்மன் கொடுத்தது அந்தக் கூட்டத்துக்குப் பிடிக்காத படம். சண்டையை மெதுவாக்கியதும் அது கொண்டாட்டமாக இல்லாமல் போய்விட்டது, யார் ஜெயிக்கிறார்கள் என்றே புரிவதில்லை, இரண்டு பறவைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கிடக்கின்றன. இதற்காக அவற்றைக் கொன்றது சரியாகிவிடாது. உங்களைப் போல முக்கால் மணியில் எழுந்து போகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை, முழுதும் பார்த்துவிட்டுச் 'செம மாஸ்' என்று எழுதுகிறவர்களோடுதான்.

செல்வி_பரங்குன்றம்:

சரி, இது நேர்மையான பதில். மீதியை நான் பார்க்கப்போவதில்லை, ஆனால் நாவலைத் தேடிப் படிக்கிறேன். அதில் யாரும் சாக வேண்டியதில்லை.

அரவக்குறிச்சியான்:

நாவலில் சேவல் பழக்கும் பகுதிகள் விவரமாக இருக்கும் என்கிறார்களே, உண்மையா? தீனி, நடை, எடை இறக்குவது எல்லாம்?

ரீல்பெட்டி:

நிறையவே இருக்கிறது அண்ணே. ஃபிராங்க்கே சொல்கிற மாதிரிதான் முழு நாவலும், அதனால் தொழில் விவரம் கொட்டிக்கிடக்கும். உங்களைப் போன்றவர் படித்துவிட்டு எது சரி எது கப்சா என்று இங்கே எழுதினால் எங்களுக்கு உபயோகம்.

புதுவரவு_கார்த்தி:

ஹெல்மன் படம் எதுவும் பார்த்ததில்லை. இதிலேயே ஆரம்பிக்கலாமா?

பனங்காட்டான்:

வேண்டாம் தம்பி. 1971-இல் வந்த 'டூ-லேன் பிளாக்டாப்' முதலில் பாருங்கள், அதிலும் ஓட்ஸ் இருக்கிறார், இதில் ஆரம்பத்திலேயே ஜெயித்தவனோடு கிளம்பிப் போகிற பெண்ணாக வரும் லாரி பேர்டும் இருக்கிறார். இரண்டு கார், நீண்ட சாலை, பேச்சு குறைவு. அந்த வேகம் பழகிவிட்டால் இதற்கு வாருங்கள். தேடும்போது பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், 'பார்ன் டு கில்' என்ற பெயரில் கிடைப்பதைத் தொடாதீர்கள். சுமார் 83 நிமிடம், ஆரம்பத்தில் காக்ஃபைட்டர் என்றே எழுத்து வர வேண்டும். சாப்பிட்டுக்கொண்டே பார்க்காதீர்கள்.